பதினைந்துக்குக் கீழே

லேமிங்டன் ரோட்டில் நாலாயிரத்து இருநூறுக்கு வாங்கியது.
மூடியில் யாரோ ஒட்டிய கல்லூரி ஸ்டிக்கரைச்
சுரண்டி எடுத்த தழும்பு.
விண்டோஸ் ஏறி முடிப்பதற்குள்
சோறு வெந்து, வடித்து, ஆறியும் விடும்.
'சிறுசா ஒரு லினக்ஸ் இருக்கு, போட்டுப் பாருங்கக்கா' என்று
பென்டிரைவைக் கையில் திணித்தான்
தோல்பைக் கடை இம்தியாஸ்.

அவன் கடைக்கும் இன்னும் நாலு கடைக்கும்
பில் தட்டுகிறேன், தாராவியில், வீட்டிலிருந்தே.
இசக்கிமுத்துவுக்கு லோயர் பரேலில்
முப்பத்தெட்டு மாடிக்கு இரவுக் காவல்.
காலை எட்டுக்கு வந்து படுப்பான்.
பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில்
அவன் இரவும் என் பகலும் சேர்ந்து குடியிருக்கின்றன.

முதல் நாளே அது கத்தியது.
அழிக்க எழுத்தே இல்லாத இடத்தில்
பேக்ஸ்பேஸை அழுத்தினால், பீப்.
புரண்டு படுத்தான். மறுபடி பீப்.
அந்தச் சத்தத்துக்கும் ஒரு பெயர் உண்டாம்;
கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.
ஒரு கோப்பில் அந்தப் பெயரை எழுதி
இவனை உள்ளே விடாதே என்று சேர்த்தேன்.
வாட்ச்மேன் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது.

பிறகு எழுத்துரு.
வாடிக்கையாளர் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது.
பாக்கி வைத்தவனும் கட்டம்,
தீர்த்தவனும் அதே கட்டம்.
போனை வயரில் மாட்டி நெட் இழுத்து
தமிழை இறக்கிய மத்தியானம்
கொம்புகள் ஓடி வந்து
தத்தம் எழுத்துக்கு முன்னால் நின்றுகொண்டன.

அதோடு விட்டிருக்கலாம்.
கீழே கிடந்த பட்டையை இடப்பக்கம் நிறுத்தினேன்.
பின்னணிக்கு, ஆறு எழுத்தை மாற்றி மாற்றி,
கத்தரிப்பூ நிறம்.
வலது கிளிக் பட்டியலை என் பேச்சில் எழுதினேன்:
பில். பாட்டு. பழைய பாக்கி.
அணைப்பதற்கு, போதும்.

வெளிச்சம்தான் பாக்கி.
திரை அவன் இமைமேல் விழுகிறது.
ஒரு சாவிக்கு ஒரு வரி எழுதினேன்,
அழுத்தினால் பத்துப் புள்ளி குறையும்படி.
குறைந்தது. இன்னும் குறைந்தது.
கர்வத்தில் இன்னொரு தடவை.

கரும்பலகை.
உள்ளே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
ஏற்றும் சாவியை நான் இன்னும் எழுதவே இல்லை.
பதினேழு வரி பில், சேமிக்காதது,
அந்தக் கறுப்புக்குள் எங்கேயோ.
விரல்கள் அப்படியே நின்றன.

அதில்தான் அவன் விழித்தான்.
தட்டுகிற சத்தத்தில் தூங்கப் பழகியவனை
சத்தம் நின்றது எழுப்பிவிட்டது.
'என்ன?'
'இருட்டாயிடுச்சு.'

வேறெதுவும் கேட்கவில்லை.
ஆணியில் மாட்டியிருந்த டியூட்டி டார்ச்சை எடுத்து
கண்ணாடிமேல் அடித்தான்.
'நேரா வேணாம், சாய்ச்சுப் பிடி.'
சாய்த்தான்.
குட்டைத் தண்ணீரில் தலைப்பிரட்டை மாதிரி
எழுத்துகள் அசைந்தன.
நான் வரியைத் தட்டத் தட்ட
வட்டம் கூடவே நகர்ந்து வந்தது.
எத்தனை கார் நம்பர் பலகைகளை
இப்படிப் பார்த்திருக்கும் அந்தக் கை.
கடவுச்சொல் கேட்டது.
அது வெளிச்சத்திலேயே தெரியாது,
அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது.

எண்பது என்று கொடுத்தேன்.
கத்தரிப்பூ மொத்தமும் முகத்தில் அடித்தது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
பட்டியலைப் படித்தான்.
'போதும்னா?'
'அணைக்கிறது.'
'ம்' என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் பில்லைச் சேமித்தேன்.
பிறகு அந்த வரிக்குக் கீழே ஒரு நிபந்தனை:
பதினைந்துக்குக் கீழே போகாதே.

மூலையில் கடிகாரம் காலை ஆறு பத்து என்கிறது.
இங்கே பதினொன்று நாற்பது.
ஐந்தரை மணி நேரத்தைத் திருத்த ஒரே வரிதான்;
நாளைக்குப் பார்க்கலாம்.
அதன் கணக்குப்படி இசக்கிமுத்து
இன்னும் கேட்டில் நிற்கிறான்.
இங்கே குறட்டை விடுவது யாரென்று
அதற்கு யார் சொல்வது.